துடைக்காமல் விட்ட ரேகை

“ஏந் தம்பி, மெஷினு தப்புப் பண்ணுமா?” என்று மேனேஜர் கேட்டார். “பண்ணாதுங்க” என்று நான் சொன்னேன். யோசித்துச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தார். துளசிமணி என்று பெயர். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சை நூலாக்குகிற ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் ஓடி ஓடி முடிச்சுப் போடுகிற வேலை, பதினோரு வருஷமாக. புதன்கிழமை காலை 5.52-க்கு அவர் வேலைக்கு வந்து விரல் வைத்ததாக மெஷின் சொல்கிறது. அந்த நேரத்தில் மகளை நர்சிங் காலேஜில் சேர்க்கக் கரூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததாக அக்கா சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய். மெஷினை எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். அக்காவை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் யார் பக்கம் பேசுவேன், சொல்லுங்கள்.

“இந்த மில்லுலயா தம்பி வேலை?” என்று நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டீர்கள், எனக்குத் தெரிகிறது. இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் சிங்காநல்லூர் டிக்கெட் வாங்கியதைப் பார்த்தேன். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மாட்டிக்கொண்டீர்கள்.

மில்லில் இல்லை. மில் கேட்டில் விரல் வைக்கிற மெஷின் இருக்கும் பாருங்கள், அதைச் செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் கணபதியில் ஒரு மாடி, நாலு பேர். அதில் நான் ஒருவன். பிளஸ் ஒன் பாதியில் நிறுத்திவிட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைப் பேனாவால் எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் அடித்துப் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. போய்யா என்று வந்துவிட்டேன். எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வேன். கெமிஸ்ட்ரியில் பதினொன்று வாங்கியதைச் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்லிவிட்டேன், பரவாயில்லை. மனசில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும் எனக்கு. அது ஒரு வியாதி.

அந்த மெஷினில் விரல் வைக்கிற கண்ணாடி தனி, உள்ளே கம்ப்யூட்டர் தனி. இரண்டையும் ஒரு வயர் சேர்க்கிறது. கண்ணாடி பார்த்ததைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக் கொடுக்க நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும். டிரைவர் என்பார்கள். அதை நான்தான் எழுதினேன். தனியாக. ஒன்பது நாளில். ஒன்பது நாள் என்பதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேசியதே இல்லை அந்தச் சமயத்தில். பேக்கரிக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் பன்னுக்கு ஜாம் தடவிக்கொண்டே “அப்படிங்களா” என்றார்.

அதனால் மேனேஜர் கேட்டதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் மெஷின் பொய் சொல்லுமா என்கிறார்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தார். பஸ் டிக்கெட், காலேஜ் ரசீது, மகளோடு காலேஜ் போர்டு முன்னால் நிற்கிற போட்டோ. “எல்லாமே இருக்குதுங் சார். நல்லாப் பாத்துக்கோங்க.”

மேனேஜர் நன்றாகவே பார்த்தார். “சரிம்மா, நீ கரூர்லதான் இருந்துருக்குற. ஒத்துக்கறேன். அப்ப உன்ற விரல் மட்டும் எப்படி இங்க வந்துச்சு?”

பாருங்கள், அந்த அக்கா கரூரில் இருந்ததை எவ்வளவு நன்றாக நிரூபித்தாரோ அவ்வளவு நன்றாக மாட்டிக்கொண்டார். சுவர் ஓரமாகச் சாட்சிக்கு என்று மேஸ்திரியும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். யாருமே பேசவில்லை.

நான் பேசினேன்.

யாராவது பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது. “அது ஈஸிங்க. பசையில விரல் மாதிரியே அச்சு எடுத்துக்கலாம். அதைக் கூட வேலை செய்யறவங்க யார்கிட்டயாச்சும் குடுத்துட்டுப் போனா, அவங்க வெச்சுருவாங்க” என்றேன். நிறுத்தியிருக்கலாம். வேறு ஊரில் ஒருத்தன் இப்படிச் செய்து மாட்டியதாக எங்கோ படித்ததையும் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்தப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்து கேட்டார்கள். என் பேச்சை அவ்வளவு பேர் அவ்வளவு கவனமாகக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது.

கேமராவில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். எல்லாரும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, மூக்கை மறைத்துத் துணி. 5.52-க்கு ஒரு முதுகு தெரிந்தது. யார் முதுகு என்று அந்த முதுகுக்குச் சொந்தக்காரிக்கே தெரியாது.

எதற்காகச் செய்திருப்பார் என்பதற்கும் மேனேஜரிடம் பதில் இருந்தது. ஒரு நாள்கூட லீவு போடாமல் வருகிறவர்களுக்கு அந்த மில்லில் மாசக் கடைசியில் ஒரு பரிசு. அந்த மாசம் குக்கர்.

“எங்கூட்டுல மூணு குக்கர் இருக்குதுங் சார்” என்றார் அக்கா. மேஸ்திரி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கவருக்குள் வைத்தார். வெளியே போகும்போது என்னைப் பார்த்து, “ஏந் தம்பி, நீங்க படிச்சவங்கதான?” என்று கேட்டார். “பின்னே” என்றேன். கெமிஸ்ட்ரி பதினொன்று.

அதோடு நான் கிளம்பியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போயிருப்பேன், நீங்களும் தப்பித்திருப்பீர்கள். கேட்டில் நின்றேன். பஸ் வரவில்லை. செக்யூரிட்டி ஒரு பெரியவர், முனியப்பன். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பெண் விரல் வைத்தார். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்பின்னிங் மில் பாருங்கள், எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கும். கண்ணாடியில் பஞ்சு, விரலில் பஞ்சு. நூல் பிடித்துப் பிடித்து அந்த விரல்களில் ரேகையும் பாதி தேய்ந்திருக்கும். மெஷின் பாவம், தேடிக்கொண்டே இருக்கும்.

முனியப்பன் எழுந்திருக்கவேகூட இல்லை. கையை நீட்டி வயரைச் சடக்கென்று உருவினார். திரும்ப மாட்டினார். “இப்ப வைம்மா.” மெஷின் உடனே எடுத்துக்கொண்டது.

“என்னங்க பண்றீங்க?” என்றேன்.

“இப்படித்தான் தம்பி, ஒரு நாளைக்கு நாலைஞ்சு வாட்டி. உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. மொதல்ல ஒருக்கா போன் பண்ணுனேன். ஒரு பையன் எடுத்தான். நான் என்ன ஏதுன்னு சொல்றதுக்குள்ளயே, ‘வயரைப் புடுங்கி மாட்டுங்க, செரியாயிரும்’னு வெச்சுட்டான். செரியான வெடுக்குப் பையன். ஆனா சொன்ன மாதிரியே செரியாயிருச்சு.”

ஆபீஸில் போன் எடுக்கிற பையன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

அப்போதுதான் ரெஹானா அக்கா ஞாபகம் வந்தது. எங்கள் நாலு பேரில் ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருத்தர்தான். நான் எழுதியதை அவர் ஒரு தடவை பார்த்த பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும், அது ஆபீஸ் வழக்கம். என் புரோகிராமில் ஒரு இடத்தில் அவர் குறிப்பு எழுதியிருந்தார்: “பாதியில வயர் போச்சுன்னா? எடுத்ததை எங்க திருப்பிக் குடுக்கற?” அதற்கு நான் “எவன் புடுங்குவான்” என்று பதில் எழுதி, பார்த்தாயிற்று என்று டிக் அடித்துவிட்டேன். அவர் அன்றைக்கு லீவு. நான் ஏற்றிவிட்டேன். ஒன்பது நாள் பத்து நாள் ஆகிவிடக் கூடாது, இல்லையா.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் எட்டே தட்டுதான் என்று வையுங்கள். ஒருவர் சாப்பிட்டு முடித்தால் தட்டைக் கழுவி அடுக்க வேண்டும். என் புரோகிராம் அதை ஒழுங்காகச் செய்யும். சாப்பிட்டு முடித்தால். பாதிச் சாப்பாட்டில் ஒருவர் போன் வந்து எழுந்து ஓடிவிட்டால்? அந்தத் தட்டை எடுக்க நான் ஆள் வைக்கவில்லை. மிச்சத்தோடு அப்படியே கிடக்கும். முனியப்பன் ஒவ்வொரு தடவை வயரை உருவும்போதும் அப்படி ஒரு தட்டு. விரல் வைத்தவருடைய ரேகை உள்ளே அப்படியே கிடக்கும், கழுவாமல். எட்டுத் தட்டும் இப்படிப் போனால் அடுத்து வருகிறவருக்கு எதில் போடுவது? பழைய தட்டையே எடுத்துத் தள்ளுகிற மாதிரி எழுதியிருந்தேன். புது ஆள் விரல் தெளிவாக விழுந்தால் பழையது மறைந்துவிடும். பஞ்சு ஒட்டி விழவில்லை என்றால் அந்தத் தட்டில் இருப்பது பழைய ஆள். மெஷின் பழைய ஆள் பெயரைச் சொல்லும். உங்கள் பெயர் வராத மாதிரி இருந்தால் திரும்ப ஒரு தடவை விரல் வைப்பீர்கள், உங்கள் பெயரும் விழுந்துவிடும். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

துளசிமணி அக்கா திங்கட்கிழமை விரல் வைத்தபோது முனியப்பன் பாதியில் வயரை உருவியிருக்க வேண்டும். புதன்கிழமை அந்த ரேகை வேறு ஒருத்தர் கையில் வேலைக்கு வந்திருக்கிறது.

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டேன். ரெஹானா அக்காவை முதலில் விரல் வைக்கச் சொல்லி வயரை உருவினேன். பிறகு மற்றவர்களை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி ஏழு தடவை உருவினேன். அடுத்து என் முழங்கையை வைத்தேன். திரையில் வந்தது: ரெஹானா பேகம், வருகை பதிவாகியது.

யாரும் சிரிக்கவில்லை. ரெஹானா அக்கா என் முழங்கையைப் பார்த்தார். “இதுல வருகை மட்டும்தான் போச்சுன்னு நெனைக்காத. என்னோட ரேகைடா அது. உன்னோட முழங்கை என் பேர்ல எந்தக் கதவையும் தொறந்திருக்கும்” என்றார். எங்கள் மெஷின் மொத்தம் பதினாலு மில்லில் இருக்கிறது. சரி செய்ய எத்தனை வரி ஆனது தெரியுமா? ஏழு. பாதியில் போனாலும் துடை, திருப்பிக் கொடு, அப்புறம் வெளியே போ. அவ்வளவுதான். ரெஹானா அக்கா டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டார்.

முதலாளி திருமூர்த்தி அண்ணன் மறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். மறைக்கச் சொன்னால் அவர்மேல் கோபப்பட்டு, நியாயம் பேசி, வேலையை விட்டுப் போவதாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது நன்றாக வரும். அந்த மனுசன் நெற்றியைத் தடவிக்கொண்டே, “சொல்லித்தான் ஆகோணும். ஒரு பொம்பளையோட பொழப்புடா. பதினாலு மில்லுக்கும் சொல்லோணும்” என்றார். ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். ‘தொழில்நுட்பக் காரணங்களால் மேற்படி நாளில் தவறான பதிவு ஏற்பட்டிருப்பது கண்டறியப்பட்டுள்ளது.’ அதில் ‘ஏற்பட்டிருப்பது’ என்று இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் ஏற்படுத்தவில்லை பாருங்கள். அதுவாக ஏற்பட்டிருக்கிறது, மழை மாதிரி.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் இன்றைக்குக் காலையில் இங்கே வந்தேன்.

மேனேஜர் படித்தார். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “மெஷினு தப்புப் பண்ணாதுன்னீங்க?” என்றார். “மெஷின் பண்ணலைங்க, அதுக்குள்ள இருக்கற டிரைவர்ங்க” என்றேன். எழுதியவன் பெயரை அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டுமா என்ன. அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி ஷிப்டிலேயே சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். அக்கா அதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன். வராண்டாவில் நின்று, “ஸாரிங்க்கா” என்றேன்.

“எதுக்கு?”

“அந்தப் புரோகிராம் நான் எழுதுனதுங்க.”

“அது எனக்கு வெளங்காது தம்பி. நூலு அறுகறதில்லையா, அந்த மாதிரி ஏதோ அறுந்திருக்குது. நானும் பதினோரு வருசத்துல எத்தனையோ விட்டிருக்கறேன். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல.” அதுவரைக்கும் வாங்க போங்க என்று பேசியவர், சட்டென்று மாறினார். “ஆனா பசை வெரலுன்னு ஒரு கதை சொன்ன பாரு. கையக் காலை ஆட்டி. அத எவ உனக்குச் சொன்னா? நான் பண்ணி நீ பாத்தியா?”

“இல்லைங்க்கா.”

“என்னைய இப்ப என்னன்னு கூப்புடறாளுக தெரியுமா? குக்கருக்காரி. சந்தையில ஒருத்தி என்ற கையப் புடிச்சு வெரலத் திருப்பித் திருப்பிப் பாக்கறா, பசை இருக்குதான்னு. எம் புள்ளைக்குப் போன் பண்ணி எவளோ சொல்லியிருக்கறா. ‘உங்கம்மா இப்படியாமே’ங்கறா. அது காலேசுக்குப் போயி நாலு நாளாகல. நீ ஒரு கடுதாசியக் குடுத்துட்டா இதெல்லாம் போயிருமா? அந்தக் கடுதாசி மேனேஜரு டிராயர்ல இருக்கும். இவளுக அதையப் போயிப் படிப்பாளுகளா?”

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன்.

“ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும். உள்ள இருக்கறவ வெளிய வருவா, வெளிய இருக்கறவ உள்ள போவா. எல்லாரும் கேட்டுல நிப்பாளுக. பஸ்ஸு ரூட்டுச் சொல்றதுக்கு மைக்கு இருக்குது. வாங்கிச் சொல்லு. ‘இந்தம்மா பொய் சொல்லல, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்’னு சொல்லு. உன்ற கம்ப்யூட்டரு கதையெல்லாம் வேண்டாம். அத்தன பேரு முன்னாலதான சொன்ன, அதே வாயில சொல்லிட்டுப் போ.”

“சொல்லிடறேங்க்கா” என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். எனக்கென்ன பயம். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடமே எதிர்த்துப் பேசியவன். மேனேஜரிடம் கேட்டேன், “ரெண்டே நிமிசம், அப்டேட்டைப் பத்திச் சொல்லிருங்க” என்று ஒத்துக்கொண்டார். புது புரோகிராமை மெஷினில் ஏற்றினேன். நானே வயரைப் பன்னிரண்டு தடவை உருவிப் பார்த்தேன். முழங்கையை வைத்தேன். ‘விரல் தெரியவில்லை’ என்றது. அழகாக வேலை செய்தது.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. இருநூறு பேர் இருக்கும். ஒரு பக்கம் தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வருகிறவர்கள், இன்னொரு பக்கம் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு உள்ளே போகிறவர்கள். துளசிமணி அக்கா வரிசையில் முன்னாலேயே நின்றார். அவருக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டே மற்றவர்கள் நின்றார்கள். முனியப்பன் பஸ் ரூட்டுகளைச் சொல்லி முடித்து, “மெஷின் தம்பி பேசறாரு” என்று மைக்கைக் கொடுத்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு வாயைப் பிளந்து கேட்டார்கள் என்றேனே, அந்த மேஸ்திரி, அந்தப் பெண்கள், அவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டி, “இந்தப் பையன்தான் கண்டுபுடிச்சது” என்றாள். காதில் நன்றாக விழுந்தது.

பேசினேன்.

“மெஷின்ல புது அப்டேட் போட்டிருக்கோமுங்க. இனிமே சீக்கிரமா எடுத்துக்கும். எல்லாரும் விரலை நல்லாத் தொடச்சுட்டு வைங்க. நன்றிங்க.”

நாலு பேர் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டார்கள். துளசிமணி அக்கா துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மைக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதால் இருக்கும். முனியப்பன் “அவ்வளவுதானுங்களா தம்பி?” என்று கேட்டார். அவர் கேட்டது இருநூறு பேருக்கும் கேட்டது. மைக் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

“அவ்வளவுதானுங்க” என்றேன்.